சூழலும் குதிரையும் மக்களும்
அதிகம் அறியப்படாத சில பிராந்தியக் குதிரை இனங்கள்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• ஒரு பிரதேசத்தின் காலநிலையும் நிலமும் அங்குள்ள வீட்டு விலங்கின் உடலமைப்பை எவ்வாறு மாற்றுகின்றன என விளக்குவீர்கள்.
• மூன்று பிராந்தியக் குதிரை இனங்களையும் அவற்றை வளர்க்கும் மக்களையும் இனங்காண்பீர்கள்.
• உள்ளூர் இனங்கள் அருகுவதற்கான காரணங்களை முன்வைப்பீர்கள்.
• நெடுந்தீவுக் குதிரைகளின் நிலையை ஏனைய இனங்களுடன் ஒப்பிடுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, குதிரை இனம் ஒன்றின் பெயரைக் கூறும்படி கேட்டால் உங்களிற் பெரும்பாலானோர் அரபுக் குதிரை என்றே விடையளிப்பீர்கள். ஆனால் உலகில் குதிரை வளர்க்கும் மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்துக்குப் பொருத்தமான இனங்களை நீண்ட காலமாக உருவாக்கி வந்துள்ளனர். பந்தயத் திடல்களில் இவற்றின் பெயர்கள் அதிகம் கேட்பதில்லை. எனினும் மனிதனுக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பைப் படிப்பதற்கு இவை சிறந்த உதாரணங்களாகும்.

2021ஆம் ஆண்டு வெளியான பரம்பரையலகு ஆய்வொன்றின்படி, இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள வொல்கா, டொன் ஆற்றுப் புல்வெளிகளில் வாழ்ந்தவை. ஏறத்தாழ கி.மு. 2200ஆம் ஆண்டளவிலிருந்து அவை அங்கிருந்து வேகமாகப் பல திசைகளிலும் பரவின. ஓரிடத்திலிருந்து புறப்பட்ட விலங்கு, சென்ற இடமெல்லாம் வெவ்வேறு இனங்களாக மாறியது எவ்வாறு? இப்பாடத்தின் மையக் கேள்வி இதுவேயாகும்.

2. ஓர் இனம் உருவாகும் முறை

பிராந்திய இனம் ஒன்று உருவாவதற்கு இரண்டு செயல்கள் காரணமாகின்றன.

(அ) இயற்கைத் தேர்வு: கடுங்குளிர், வெப்பம், தீவனக் குறைவு, நோய் ஆகியவற்றைத் தாங்க முடியாதவை இறக்கின்றன. தாங்கியவை குட்டி ஈனுகின்றன. அவற்றின் இயல்புகளே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.

(ஆ) செயற்கைத் தேர்வு: மக்கள் தமது தேவைக்கு ஏற்ற விலங்குகளைத் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்கின்றனர். பால், இறைச்சி, சவாரி, போர், விளையாட்டு எனத் தேவைகள் வேறுபடும்போது இனங்களும் வேறுபடுகின்றன.

இவ்விரண்டுடன் மூன்றாவதாக ஒன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். அது வளர்ப்பவரின் அறிவு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாக அரபு, பாரசீகக் குதிரைகள் பெருந்தொகையாக இறக்குமதி செய்யப்பட்டன. அங்கு வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ, அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தோர் இல்லாமையால் பல குதிரைகள் இறந்தன என்றும், அதனால் ஆண்டுதோறும் புதியவற்றை வாங்க வேண்டியிருந்தது என்றும் குறிப்பிட்டுள்ளார். நிலமும் தீனியும் வளர்ப்பவரின் கைப்பழக்கமும் இன்றிக் குதிரை மட்டும் வந்தால் அது நிலைக்காது என்பதை இச்சம்பவம் காட்டுகின்றது.

3. யாக்கூத் குதிரையும் சகா மக்களும்

அமைவிடம்: ரஷ்யாவின் வடகிழக்குச் சைபீரியாவிலுள்ள சகா குடியரசு. இது யாக்கூத்தியா எனவும் அழைக்கப்படும். பரப்பளவில் இலங்கையைப் போல ஏறத்தாழ 47 மடங்கு பெரியது. ஆனால் சனத்தொகை சுமார் பத்து இலட்சம் மாத்திரமே.

காலநிலை: இங்குள்ள வெர்கொயான்ஸ்க், ஒய்மியாக்கொன் ஆகிய இடங்களில் −67 பாகை செல்சியசிலும் குறைவான வெப்பநிலை பதிவாகியுள்ளது. நிலத்தின் கீழ்ப்படைகள் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். இதனை நிரந்தர உறைநிலம் என்பர்.

இத்தகைய குளிரிலும் யாக்கூத் குதிரைகள் கொட்டில் இன்றித் திறந்த வெளியிலேயே வாழ்கின்றன. அவற்றின் உடலமைப்பை அவதானியுங்கள்.

• குட்டையான கால்களும் பருமனான உடலும். உடலின் கனவளவுடன் ஒப்பிடும்போது மேற்பரப்புக் குறைவாக இருப்பதால் வெப்ப இழப்பும் குறைகின்றது.
• குளிர்காலத்தில் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் வரை வளரும் அடர்ந்த உரோமம்.
• கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் தோலின் கீழ்ச் சேரும் கொழுப்பு.
• பனிப்படையை முன்னங்காற் குளம்புகளாற் கிளறி, அடியிலுள்ள புல்லை எடுத்துண்ணும் பழக்கம்.

சகா மக்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுவோர். இவர்களின் முன்னோர் தெற்கிலிருந்து, பைக்கால் ஏரிப் பகுதியை அண்மித்த இடங்களிலிருந்து வடக்கே வந்தவர்கள். அவர்களுடன் வந்த குதிரைகளே இன்றைய யாக்கூத் குதிரைகளின் மூதாதைகள் என்பதை 2015இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு உறுதி செய்தது. அதற்கு முன்னர் அப்பகுதியில் வாழ்ந்த தொன்மையான குதிரைகளின் வழிவந்தவை இவை எனச் சிலர் கருதியிருந்தனர். அக்கருத்து தவறென இவ்வாய்வு காட்டியது. இதன்படி உலகின் மிகக் கடுங்குளிரான வாழிடத்துக்கு இக்குதிரைகள் இசைவாக்கம் அடைய எடுத்த காலம் சுமார் 800 ஆண்டுகள் மாத்திரமே. பரிணாம மாற்றத்தைப் பொறுத்தவரை இது மிகக் குறுகிய காலமாகும்.

மக்களின் வாழ்வில் குதிரையின் பங்கு பெரிது. இறைச்சி முக்கிய உணவாகும். பெண் குதிரையின் பாலைப் புளிக்கச் செய்து குமிஸ் என்னும் பானம் தயாரிக்கின்றனர். யூன் மாதத்தில், கோடைக்காலத்தை வரவேற்கும் ‘இசியாக்’ விழாவில் குமிசைத் தெய்வங்களுக்குத் தெளித்துப் படைப்பர். குதிரை மயிராற் செய்த விசிறி, கோடையில் மொய்க்கும் நுளம்புகளை விரட்ட உதவுகின்றது. குதிரையைக் கட்டும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூணும் புனிதமானதாக மதிக்கப்படுகின்றது.

பிரச்சினை: உறைநிலத்தின் மேற்பகுதி உருகித் தாழ்ந்த இடங்களில் ‘அலாஸ்’ எனப்படும் வட்டமான புற்றரைகள் உண்டு. மேய்ச்சலுக்கும் வைக்கோல் சேகரிப்புக்கும் இவையே ஆதாரம். புவி வெப்பமடைவதால் உறைநிலம் மேலும் உருகும்போது இப்புற்றரைகள் சிலவிடங்களில் மேடுபள்ளமாகின்றன. சிலவிடங்களில் நீரில் மூழ்குகின்றன. குளிரை வென்ற குதிரைக்குக் குளிர் குறைவதே ஆபத்தாகி வருகின்றது.

4. அகால்-தெக்கே குதிரையும் துர்க்மென் மக்களும்

அமைவிடம்: மத்திய ஆசியாவிலுள்ள துர்க்மெனிஸ்தான். இந்நாட்டின் பெரும்பகுதி காராகும் பாலைவனமாகும். தெற்கே கொப்பெத்-டாக் மலையடிவாரத்தில் பாலைவனச் சோலைகள் வரிசையாக உள்ளன. அகால் என்பது அச்சோலைப் பகுதியின் பெயர்; தெக்கே என்பது அங்கு வாழ்ந்த துர்க்மென் குலத்தின் பெயர். இவ்விரண்டும் சேர்ந்தே இனத்தின் பெயராயின. ஓர் இனத்தின் பெயரில் நிலமும் மக்களும் இணைந்திருப்பதைக் கவனியுங்கள்.

யாக்கூத் குதிரைக்கு முற்றிலும் எதிரான உடலமைப்பை இங்கு காணலாம். நீண்ட கால்கள், ஒடுங்கிய உடல், மெல்லிய தோல், குறைவான பிடரி மயிர் என்பன வெப்பத்தை எளிதில் வெளியேற்ற உதவுகின்றன. மயிரின் உட்கட்டமைப்புக் காரணமாக உடல் உலோகம் போல மினுங்கும். பொன்னிறக் குதிரைகள் இவ்வினத்திற் பிரசித்தமானவை.

வளர்ப்பு முறையும் வேறானது. சகா மக்களைப் போல இவர்கள் பெரும் மந்தைகளை வெளியில் விடுவதில்லை. பாலைவனத்தில் மேய்ச்சற்புல் போதாது. எனவே குதிரை கூடாரத்தின் அருகிலேயே கட்டி வளர்க்கப்பட்டது. குதிரைமசால், பார்லி, ஆட்டுக்கொழுப்புச் சேர்த்த உருண்டை ஆகியவை கையால் ஊட்டப்பட்டன. பகல் வெயிலிலிருந்தும் இரவுக் குளிரிலிருந்தும் காக்கத் தடித்த கம்பளி விரிப்புகள் போர்த்தப்பட்டன. பெருந்தொகையாக வளர்க்க இயலாதபோது, ஒரு குதிரையை முழுக் கவனத்துடன் வளர்க்கும் முறை உருவாகியது. தன்னை வளர்ப்பவருடன் இக்குதிரை நெருங்கிப் பழகும் இயல்பும் இதனாலேயே வந்தது என்பர்.

1881இல் கியோக்-தெப்பே கோட்டையை ரஷ்யப் படை கைப்பற்றியதுடன் தெக்கே மக்களின் சுதந்திரம் முடிவுற்றது. சோவியத் ஆட்சியில் தனியார் குதிரை வளர்ப்பு ஒடுக்கப்பட்டு, குதிரைகள் கூட்டுப்பண்ணைகளுக்கும் அரச பண்ணைகளுக்கும் சென்றன. 1935இல் துர்க்மென் குதிரைவீரர்கள் அஷ்கபாத் நகரிலிருந்து மொஸ்கோ வரை 4,000 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை 84 நாட்களிற் கடந்து காட்டினர். காராகும் பாலைவனமும் அவர்களின் பாதையில் இருந்தது. தமது குதிரைகளின் தாங்குதிறனை மத்திய அரசுக்கு உணர்த்திய பயணம் இது. அப்படியிருந்தும் 1950களில், உழவு இயந்திரமும் வாகனமும் பெருகியபோது குதிரை தேவையற்றதெனக் கருதப்பட்டது. பல அகால்-தெக்கே குதிரைகள் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன.

1960இல் உரோமாபுரி ஒலிம்பிக் போட்டியில் ‘அப்சென்ட்’ என்னும் கரிய அகால்-தெக்கே குதிரையில் ஏறிய சேர்கேய் பிலாத்தொவ், குதிரைப் பயிற்சி நளினப் போட்டியிற் தங்கப் பதக்கம் வென்றார். இவ்வெற்றி இனத்தின் மீது மீண்டும் கவனத்தை ஈர்த்தது. 1991இற் சுதந்திரம் பெற்ற துர்க்மெனிஸ்தான், தனது அரச இலச்சினையின் நடுவில் இக்குதிரையைப் பொறித்தது. இக்குதிரையை வளர்க்கும் கலையும் அதனை அலங்கரிக்கும் மரபும் 2023இல் யுனெஸ்கோவின் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

5. மணிப்பூர் மட்டக்குதிரையும் மெய்தெய் மக்களும்

அமைவிடம்: இந்தியாவின் வடகிழக்கே, மியன்மார் எல்லையிலுள்ள மணிப்பூர் மாநிலம். மலைகளாற் சூழப்பட்ட இம்பால் பள்ளத்தாக்கும் அதன் ஈரநிலங்களுமே இக்குதிரையின் மேய்ச்சல் நிலம்.

இதன் தோள் உயரம் பெரும்பாலும் 110 முதல் 135 சென்ரிமீற்றர் வரையாகும். உருவிற் சிறிதாயினும் உறுதியானது. விரைவாகத் திரும்பக் கூடியது. மெய்தெய் குதிரைவீரர்கள் ‘அராம்பாய்’ என்னும் எறி அம்பை ஓடும் குதிரையிலிருந்து எறிவதில் வல்லவர்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மன்னர் பாம்ஹெய்பாவின் குதிரைப்படை பர்மாவின் ஆவா இராச்சியத்துள் பலமுறை படையெடுத்துச் சென்றது.

உலகுக்கு இக்குதிரை அளித்த கொடை போலோ விளையாட்டாகும். மணிப்பூரில் இது ‘சகோல் காங்ஜேய்’ எனப்படும். மெய்தெய் மொழியில் சகோல் என்றால் குதிரை. அணிக்கு எழுவர் ஆடுவர். கோல் கம்பம் கிடையாது. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்து கடந்தாற் புள்ளி கிடைக்கும். 1850களில் கச்சார் பகுதியிலிருந்த பிரித்தானிய அதிகாரி ஜோசப் ஷேரரும் தேயிலைத் தோட்டக்காரர்களும் மணிப்பூரிகளிடம் இதனைக் கற்றனர். 1859இல் சில்ச்சாரிலும் 1862இல் கல்கத்தாவிலும் கழகங்கள் தோன்றின. 1869இல் இங்கிலாந்தில் முதலாவது ஆட்டம் நடைபெற்றது.

இங்கே ஒரு முரணைக் காண்கின்றோம். விளையாட்டு உலகெங்கும் பரவியது. குதிரையோ ஊரிலேயே நின்றுவிட்டது. ஆரம்பத்திற் போலோக் குதிரைகளின் உயரத்துக்கு வரம்பு இருந்தது. அவ்வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, முதலாம் உலக யுத்த காலத்தையொட்டி முற்றாக நீக்கப்பட்டது. பெரிய, வேகமான குதிரைகள் ஆடுகளத்துக்கு வந்தன. மணிப்பூருக்கு வெளியே சிறிய குதிரைக்குத் தேவை இல்லாமற் போயிற்று.

பிரச்சினை: 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் மணிப்பூரில் சுமார் 1,100 மட்டக்குதிரைகளே இருந்தன. இதற்குரிய காரணங்கள்:
• போக்குவரத்திலும் போரிலும் குதிரையின் பயன் ஒழிந்தமை.
• ஈரநிலங்கள் நிரப்பப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தமையால் மேய்ச்சல் நிலம் சுருங்கியமை.
• போலோ ஆட்டம் இல்லாத மாதங்களில் மரபுப்படி அவிழ்த்துவிடப்படும் குதிரைகள் நகர வீதிகளில் அலைந்து, குப்பையையும் பொலித்தீனையும் உண்பதும் வாகனங்களில் அடிபடுவதும்.

அவிழ்த்துவிடுதல் என்பது முன்பு தவறான பழக்கமன்று. ஊரைச் சுற்றிப் புல்வெளி இருந்தவரை அது சிறந்த வளர்ப்பு முறையாகவே இருந்தது. நிலம் மாறியபின் அதே பழக்கம் விலங்குக்கு ஆபத்தாயிற்று. மணிப்பூர் அரசு 2016இல் இவ்வினத்தைக் காத்து அபிவிருத்தி செய்வதற்கான கொள்கையை வெளியிட்டது. இன்றும் இம்பால் நகரில் ஆண்களும் பெண்களும் இக்குதிரைகளில் ஏறிப் போலோ ஆடுகின்றனர். இக்குதிரையை ஒருவர் தொடர்ந்து வளர்ப்பதற்கு இவ்விளையாட்டே இப்போது முக்கிய காரணமாக உள்ளது.

6. நமது நாட்டில்: நெடுந்தீவுக் குதிரைகள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய, தட்டையான முருகைக்கற் தீவாகும். குறிகட்டுவானிலிருந்து படகு மூலம் அங்கு செல்லலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இங்கு கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் தீவின் திறந்த வெளிகளில் கூட்டமாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் இடிபாடுகளும் அங்குள்ளன.

இவற்றைக் காட்டுக் குதிரைகள் என எழுதுவது பிழையாகும். காட்டு விலங்கு என்பது மனிதனால் ஒருபோதும் வீட்டு விலங்காக்கப்படாதது. நெடுந்தீவுக் குதிரைகளோ வீட்டு விலங்காக இருந்து, பின்னர் கைவிடப்பட்டவை. எனவே அவை கட்டாக்காலிக் குதிரைகள் ஆகும்.

மேலே கற்ற மூன்று இனங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டைச் சிந்தியுங்கள். அவற்றுக்கு வளர்க்கும் மக்கள் உண்டு. நெடுந்தீவுக் குதிரைகளைக் கொண்டுவந்த ஆட்சியாளர்கள் போய்விட்டனர்; பின்னர் அவற்றை நம்பி வாழும் தொழில் எதுவும் உருவாகவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழை முடிந்து நீண்ட வரட்சி தொடங்கியதும் குளங்கள் வற்றுகின்றன. முருகைக்கற் தீவில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதால் கிணற்று நீரும் குறைந்து உவர்ப்பாகின்றது. கடும் வரட்சிக் காலங்களில் தண்ணீரின்றிக் குதிரைகள் இறந்துள்ளன. மேய்ச்சலுக்கு மாடுகளுடனும் அவை போட்டியிட வேண்டியுள்ளது.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. சட்டப் பாதுகாப்பு அவசியமானது. ஆனால் வரட்சி மாதங்களில் ஒரு தொட்டியில் நீர் நிரப்புவதற்கு ஒருவர் இருக்க வேண்டும். அத்துடன் தீவு மக்களுக்கும் நன்னீர் அரிதாகவே கிடைக்கின்றது என்பதை மறக்கக் கூடாது. இரு தேவைகளையும் சேர்த்துத் தீர்க்கும் திட்டமே நிலைபெறும்.

7. ஒப்பீட்டு அட்டவணை

| இனம் | மக்கள் | சூழல் | முக்கிய இயல்பு | பிரதான அச்சுறுத்தல் |
|---|---|---|---|---|
| யாக்கூத் | சகா | கடுங்குளிர், நிரந்தர உறைநிலம் | பருமனான உடல், அடர்ந்த உரோமம் | உறைநிலம் உருகுதல் |
| அகால்-தெக்கே | துர்க்மென் | பாலைவனம், சோலைகள் | ஒடுங்கிய உடல், மினுங்கும் மயிர் | 20ஆம் நூற்றாண்டில் இயந்திரமயமாக்கமும் அரச கொள்கையும் |
| மணிப்பூர் | மெய்தெய் | பள்ளத்தாக்கு, ஈரநிலம் | சிறிய, உறுதியான உடல் | மேய்ச்சல் நிலம் இழப்பு |
| நெடுந்தீவு | வளர்ப்போர் இல்லை | வரண்ட முருகைக்கற் தீவு | கட்டாக்காலி வாழ்வு | நீர்ப் பற்றாக்குறை |

8. நினைவிற் கொள்க

• ஓர் இனம் என்பது விலங்கு, நிலம், வளர்ப்பவரின் அறிவு ஆகிய மூன்றின் சேர்க்கை. ஒன்று நீங்கினால் மற்றவை தளரும்.
• பயன் இழந்த இனம் விரைவில் அருகும். புதிய பயன் கிடைத்தால் மீளவும் கூடும்.
• அழிந்த இனத்துடன் அதன் பரம்பரையலகு இயல்புகளும் அழிகின்றன. அவற்றை மீண்டும் உருவாக்க முடியாது. உயிர்ப்பல்வகைமை என்பது காட்டு உயிர்களை மட்டுமன்றி வீட்டு விலங்கு இனங்களையும் உள்ளடக்கும்.

9. பயிற்சி வினாக்கள்

மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. யாக்கூத் குதிரை குளிர்காலத்தில் உணவு பெறும் முறை
(1) கையால் ஊட்டப்படுதல் (2) பனியைக் கிளறிப் புல் மேய்தல் (3) தெற்கே இடம்பெயர்தல் (4) கொட்டிலில் தீனி உண்ணல்

2. அகால்-தெக்கே குதிரைகள் கூடாரத்தருகே கட்டி வளர்க்கப்பட்டமைக்குக் காரணம்
(1) மேய்ச்சற்புல் போதாமை (2) அதிக மழை (3) காட்டு விலங்குகளின்மை (4) பால் பெறுதல்

3. சகோல் காங்ஜேய் ஆட்டத்தில் ஓர் அணியிலுள்ள வீரர் எண்ணிக்கை
(1) 4 (2) 5 (3) 7 (4) 11

4. நெடுந்தீவுக் குதிரைகளைக் குறிக்கப் பொருத்தமான சொல்
(1) காட்டுக் குதிரைகள் (2) கட்டாக்காலிக் குதிரைகள் (3) பந்தயக் குதிரைகள் (4) கலப்பினக் குதிரைகள்

விடைகள்: 1–(2), 2–(1), 3–(3), 4–(2)

அமைப்புக் கட்டுரை வினா

(அ) யாக்கூத், அகால்-தெக்கே குதிரைகளின் உடலமைப்பில் காணப்படும் இரு வேறுபாடுகளைக் காலநிலையுடன் தொடர்புபடுத்தி விளக்குக. (4 புள்ளிகள்)
(ஆ) மணிப்பூர் மட்டக்குதிரைகள் அருகுவதற்கான இரு காரணங்களைத் தருக. (2 புள்ளிகள்)
(இ) “சட்டம் மட்டும் ஓர் இனத்தைக் காக்காது.” நெடுந்தீவை உதாரணமாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க. (4 புள்ளிகள்)

விடையெழுதும்போது கவனிக்க

பகுதி (அ)இல் இயல்பை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. “உரோமம் அடர்ந்தது” என்பது இயல்பு. “அடர்ந்த உரோமம் வளியைச் சிறைப்படுத்தி உடல் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது” என்பதே விளக்கம். இயல்பு, காரணம், பயன் என்ற ஒழுங்கில் எழுதிப் பழகுங்கள்.

பகுதி (இ)இல் சட்டம் தேவையில்லை என எழுதிவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் பயனை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் நீர் வழங்கல், மேய்ச்சல் நில முகாமைத்துவம், தீவு மக்களின் பங்களிப்பு ஆகியவற்றின் தேவையை எடுத்துக்காட்டுங்கள். மணிப்பூரில் விளையாட்டு ஓர் இனத்தைத் தாங்கி நிற்பதை ஒப்பிட்டு, நெடுந்தீவுக் குதிரைகளைக் காப்பதால் தீவு மக்களுக்கு வருவாய் தரக்கூடிய ஒரு வழியை உங்கள் சொந்த ஆலோசனையாக முன்வைத்தால் விடை நிறைவு பெறும்.